தபாற்கந்தோர் கேட்காத 74 ரூபா

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கனடாவில் இருக்கும் மகள் எனக்குப் பார்சல் அனுப்பியிருந்தாள். அதே வாரம் தபால் திணைக்களத்தின் பெயரில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. முகவரி சரியில்லை, 12 மணித்தியாலத்துக்குள் 74 ரூபா கட்டாவிட்டால் பொதி திரும்பிவிடும் என்றிருந்தது. அட்டை இலக்கத்தையும் பின்பக்கத்து மூன்று இலக்கத்தையும் கொடுத்தேன். வந்த ஓடிபியையும் போட்டேன். திரையில் ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு 62,400 ரூபா போய்விட்டதாகச் செய்தி வந்தது. வெட்கத்தில் மகளிடம்கூடச் சொல்லவில்லை. இனி என்ன செய்வது? (உவர்மலை)

பதில்: அம்மா, இன்னும் வங்கிக்குச் சொல்லவில்லை என்றால் இதை வாசிப்பதை நிறுத்திவிட்டு முதலில் அதைச் செய்யுங்கள். கிளை திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். அட்டையின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் இலக்கத்துக்கு எடுங்கள், இரவிலும் ஆள் இருப்பார்கள். இணையத்தில் தேடி இலக்கம் எடுக்காதீர்கள். வங்கியின் பெயரில் போலி உதவி இலக்கங்களைப் போட்டு வைத்திருப்பவர்களும் இதே கூட்டம்தான். அட்டையை முடக்கச் சொல்லுங்கள், 62,400 ரூபாவை மோசடிப் பரிவர்த்தனையாகப் பதியச் சொல்லுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு நேரத்துடன் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த நாளே கிளைக்குப் போய் அதையே எழுத்தில் கொடுத்து, திகதி முத்திரை குத்திய பிரதி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தச் சக்கரம் ஏன் சுற்றியது என்று சொல்கிறேன். நீங்கள் அட்டை விபரத்தைப் போட்டதும் அது அவர்களுடைய திரைக்குப் போகிறது. அவர்கள் உடனே வேறெங்கோ பெரிய தொகைக்கு அதைப் பயன்படுத்துகிறார்கள், அல்லது தங்கள் போனில் உள்ள டிஜிட்டல் பணப்பையில் உங்கள் அட்டையைச் சேர்க்கிறார்கள். அதற்கான ஓடிபிதான் உங்களுக்கு வருகிறது. அது வந்து சேரும்வரை உங்களை அந்தப் பக்கத்திலேயே நிறுத்தி வைப்பதுதான் சக்கரத்தின் வேலை. அந்த ஓடிபி செய்தியை அழித்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். இப்போது திறந்து முழுவதும் வாசியுங்கள். பெரும்பாலும் அதில் தொகையும் கடையின் பெயரும் இருக்கும். நாம் எல்லோரும் ஆறு இலக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை விட்டுவிடுகிறோம். கட்டுவது 74 ரூபா, செய்தியில் வேறு தொகை என்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

காசு திரும்பி வருமா? உறுதி தர முடியாது. ஓடிபியை நீங்களே கொடுத்ததாகச் சொல்லி வங்கி மறுக்கலாம். அதற்காக முறைப்பாட்டை விட்டுவிடாதீர்கள். கடைக்குப் போன அட்டைக் கொடுப்பனவை எதிர்த்துக் கேட்க அட்டை நிறுவனங்களிடம் ஒரு வழிமுறை உண்டு, அதற்குக் கால எல்லையும் உண்டு. வங்கியின் பதில் திருப்தி இல்லை என்றால் இலங்கை மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு 1935 இல் அழைக்கலாம். முதலில் வங்கியிடம் முறையிட்டீர்களா என்று அங்கே கேட்பார்கள், முத்திரை குத்திய அந்தப் பிரதி அப்போது கைகொடுக்கும். பொலிஸ் நிலையத்திலும் பதிவு செய்யுங்கள். குறுஞ்செய்தி, இணைய முகவரி, ஓடிபி, காசு போன செய்தி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு போங்கள். ‘நீங்களே கொடுத்ததுதானே’ என்று யாராவது சொன்னால் வாய் மூடி வந்துவிடாதீர்கள். 2006 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கக் கொடுப்பனவுச் சாதன மோசடிச் சட்டமும் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும் இந்த நாட்டில் இருக்கின்றன. ஏமாற்றியவன்தான் குற்றவாளி.

இன்னொன்று. சில நாளில் ‘உங்கள் காசை மீட்டுத் தருகிறோம், ஒரு சிறிய கட்டணம்’ என்று யாராவது அழைக்கக்கூடும். ஒருமுறை ஏமாந்தவர்களின் இலக்கங்கள் கைமாறுகின்றன. எடுத்தவுடன் வையுங்கள்.

பார்சலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். உண்மையிலேயே வரி இருந்தால் அறிவித்தல் வரும், தபாற்கந்தோரில் கட்டலாம். குறுஞ்செய்தி இணைப்பு அனுப்பி அட்டை விபரம் கேட்பதில்லை என்று தபால் திணைக்களம் பலமுறை அறிவித்திருக்கிறது. மகளிடம் இன்றைக்கே சொல்லுங்கள் அம்மா. அவளுடைய போனுக்கும் இதே செய்தி வந்திருக்கலாம்.

கேள்வி: வங்கி வழமையாக அனுப்பும் செய்திகளுக்குக் கீழேயே, அதே பெயரில், போலிச் செய்தியும் வந்திருக்கிறது. அப்படியானால் வங்கிக்குள்ளேயே ஆள் இருக்கிறதா? (மூதூர்)

பதில்: அப்படி நினைக்கத் தேவையில்லை. அனுப்புபவர் பெயர் என்று திரையில் தெரிவதைப் போலியாகப் போட முடியும். பெயர் ஒன்றாக இருந்தால் போன் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் அடுக்கிவிடும், உள்ளே பார்ப்பதில்லை. அதனால் பெயரை நம்பாமல் இணைய முகவரியைப் பாருங்கள்.

முகவரியை வாசிக்க ஒரு முறை இருக்கிறது. தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து இடப்பக்கமாக வாருங்கள். அந்தக் கோட்டை ஒட்டியிருக்கும் முடிவுதான் அது யாருடைய வீடு என்று சொல்லும். எங்கள் தபால் திணைக்களத்தின் முகவரி ‘எஸ்எல்போஸ்ட்’, புள்ளி, ‘கொவ்’, புள்ளி, ‘எல்கே’ என்று முடிகிறது. போலி முகவரியில் ‘எஸ்எல்போஸ்ட்’ இருக்கும், ‘கொவ்’ கூட இருக்கும், ஆனால் இடையில் புள்ளிக்குப் பதில் சிறு கோடு, கடைசியில் ‘டொப்’ என்றோ ‘விஐபி’ என்றோ ஒன்று. முன்னால் எவ்வளவு பழகிய பெயர் இருந்தாலும் பயனில்லை. பூட்டுப் படத்தையும் நம்ப வேண்டாம், போலித் தளத்துக்கும் அது கிடைக்கும்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். தெரியாத இலக்கத்திலிருந்து ஐமெசேஜில் வரும் இணைப்பைப் போன் தானாகத் திறக்க விடாது. அதனால்தான் ‘ஒய் என்று பதில் அனுப்பிவிட்டு, வெளியேறி மீண்டும் திறக்கவும்’ என்று எழுதுகிறார்கள். அந்த வரி இருந்தாலே அது மோசடி.

கேள்வி: நிலாவெளியில் ஐந்து அறை கொண்ட விருந்தினர் விடுதி நடத்துகிறோம். அறை பதிவு செய்யும் தளத்தின் பெயரில் ‘விருந்தினர் முறைப்பாடு செய்துள்ளார், உடனே பதிலளிக்கவும்’ என்று மின்னஞ்சல் வந்தது. தம்பி இணைப்பைத் திறந்து அதில் சொன்னபடி செய்துவிட்டான். இரண்டு நாளில் ஒரு ஜெர்மன் விருந்தினர், ‘ஏன் மீண்டும் காசு கேட்கிறீர்கள்’ என்று எழுதினார். (நிலாவெளி)

பதில்: தம்பி என்ன செய்தான் என்று கேட்டுப் பாருங்கள். ‘நான் ரோபோ இல்லை’ என்று உறுதிப்படுத்துவதற்காக விண்டோஸ் பட்டனையும் ஆர் பட்டனையும் சேர்த்து அழுத்தி, பிறகு கண்ட்ரோலும் வியும், பிறகு என்டர் என்று சொல்லியிருந்தால், அவனுக்குத் தெரியாமல் பிரதியான ஒரு கட்டளையை அவன் கையாலேயே கணினியில் ஓட்டியிருக்கிறான். அது கணினியில் சேமித்திருந்த பாஸ்வேர்டுகளை எடுத்துக்கொண்டு போய்விடும். விடுதிகளைக் குறிவைத்து உலகம் முழுவதும் நடக்கும் வேலை இது. திருடன் இப்போது உங்கள் கணக்குக்குள் இருந்துகொண்டு, உங்கள் பெயரில் விருந்தினர்களிடம் அட்டை விபரம் கேட்கிறான்.

அந்தக் கணினியை உடனே இணையத்திலிருந்து துண்டியுங்கள். அதிலிருந்து பாஸ்வேர்ட் மாற்ற வேண்டாம், புதியதும் போய்விடும். வேறொரு போனிலிருந்து முதலில் மின்னஞ்சல், அடுத்தது பதிவுத் தளம், அப்புறம் வங்கி என்று மாற்றி, எல்லாவற்றிலும் இரட்டைச் சரிபார்ப்பை, அதாவது பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்கும் முறையை, போடுங்கள். பதிவுத் தளத்துக்கும் அறிவியுங்கள். கணினியில் விண்டோஸை முழுதாக அழித்து மீண்டும் போட வேண்டும். இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரச அமைப்பான இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 இலக்கத்தில் ஆலோசனை கேட்கலாம்.

இதைவிட அவசரம் உங்கள் விருந்தினர்கள். வரவிருக்கும் ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். புறாத் தீவு பார்க்க வருகிறவர் விமானம் ஏறுமுன்பே காசை இழந்தால், உங்கள் விடுதியின் பெயரோடுதான் அதை நினைவில் வைப்பார். அந்த ஜெர்மன்காரருக்கு நன்றி சொல்லி, கொடுத்துவிட்டாரா என்று கேளுங்கள். கொடுத்திருந்தால் தன் வங்கியிடம் உடனே சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: தோழியின் வாட்ஸ்அப்பிலிருந்து ‘தவறி உனக்கு ஒரு கோட் வந்துவிட்டது, அனுப்பு’ என்றாள். அனுப்பினேன். இப்போது என் வாட்ஸ்அப் என்னிடம் இல்லை. என் பெயரில் எல்லோரிடமும் காசு கேட்கிறார்கள். (கிண்ணியா)

பதில்: தங்கச்சி, எழுதியது உங்கள் தோழி இல்லை, அவருடைய கணக்கும் ஏற்கனவே போய்விட்டது. உங்கள் இலக்கத்தைப் போட்டு வாட்ஸ்அப்பில் மீண்டும் பதிவு செய்யுங்கள். குறுஞ்செய்தியில் ஆறு இலக்கக் கோட் வரும், அதைப் போட்டதும் திருடன் வெளியேற்றப்படுவான். அவன் இரட்டைச் சரிபார்ப்புக்கு ஒரு பின் போட்டு வைத்திருந்தால், அது இல்லாமல் நுழைய 7 நாள் காத்திருக்க வேண்டும். ஆனால் உங்கள் கோட் போட்ட நேரமே அவன் வெளியே போய்விடுவான்.

அதற்கிடையில் வீட்டுக்காரர் போனிலிருந்தாவது சொந்தக்காரர்களுக்கு அழைத்துச் சொல்லுங்கள். கட்டாரிலும் சவூதியிலும் இருப்பவர்களுக்கு முதலில். ‘அவசரம்’ என்றதும் யோசிக்காமல் அனுப்புகிறவர்கள் அவர்கள்தான். யாராவது ஏற்கனவே காசு போட்டிருந்தால், எந்தக் கணக்குக்குப் போட்டார்கள் என்ற விபரத்தோடு அவர்களுடைய வங்கிக்கும் பொலிசுக்கும் அன்றே போகட்டும்.

கணக்கு கைக்கு வந்தவுடன் செட்டிங்ஸில் இணைக்கப்பட்ட சாதனங்களைப் பாருங்கள், தெரியாதது இருந்தால் நீக்குங்கள். பிறகு நீங்களே ஒரு பின் போடுங்கள். பிறந்த திகதியைப் போட வேண்டாம். தோழிக்கும் இதையே செய்து கொடுங்கள்.