ஆட்டுக் காதில் நாற்றம்: எண்ணெய் ஊற்றுவதை முதலில் நிறுத்துங்கள்

கேள்வி: மணலியில் ஆறு ஆடு வளர்க்கிறேன் ஐயா. ஜமுனாபாரி பெட்டை ஒன்று பத்து நாளாகத் தலையை உதறுகிறது, பின்னங்காலால் காதைச் சொறிகிறது. காதுக்குள் பழுப்பு அழுக்கு, கெட்ட வாடை. பூண்டு காய்ச்சிய எண்ணெய் விட்டும் குறையவில்லை. என்ன மருந்து விடலாம்?

பதில்: தம்பி, எந்த மருந்து என்பது அப்புறம், முதலில் எண்ணெயை நிறுத்துங்கள். உள்ளே செவிப்பறை கிழிந்திருந்தால் ஊற்றுவதெல்லாம் நடுக்காதுக்குள் இறங்கிவிடும். சீழும் ஈரமும் உள்ள இடத்தில் எண்ணெய் அழுக்கை இன்னும் ஊறத்தான் வைக்கும்.

ஜமுனாபாரிக்குக் காது நீளமாகத் தொங்குவதால் உள்ளே காற்றே போகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பக்கம் கொட்டகைத் தரை காய்வதே இல்லை, அந்த ஈரப்பதத்தில் பாக்டீரியாவும் ஈஸ்ட் பூஞ்சையும் காதுக்குள் சுலபமாகப் பெருகும். ஆனால் பெரும்பாலும் அவை பின்னால் வருபவைதான், முதலில் தோலைக் கெடுத்தது வேறு ஏதாவது இருக்கும்: காது மடிப்பில் கடித்துத் தொங்கும் உண்ணி, உள்ளே போன வைக்கோல் துணுக்கு, இல்லையென்றால் காதுப் பேன். இந்தப் பேன் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிலந்திப் பூச்சி வகை. கொஞ்சம் அழுக்கை எடுத்துக் கறுப்புத் துணியில் வைத்து டார்ச் அடித்துப் பாருங்கள், வெள்ளைப் புள்ளிகள் நகர்ந்தால் அதுதான். அடுக்கடுக்காகப் பொருக்குக் கட்டியிருந்தாலும் சந்தேகப்படலாம். அப்படியென்றால் ஒன்றுக்கு மட்டும் வைத்தியம் பார்த்துப் பயனில்லை, ஆறுக்கும் பார்க்க வேண்டும், ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றும்.

பேனுக்கு வழக்கமாகப் போடுவது ஐவர்மெக்டின் ஊசி, கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், தோலுக்கடியில். முட்டையை அது கொல்லாது, அதனால் 10 முதல் 14 நாளில் மறுபடி போட வேண்டியிருக்கும். பால் கறக்கிற ஆடா, சினையா என்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஊசி போட்டபின் பாலையும் இறைச்சியையும் எத்தனை நாள் பயன்படுத்தக்கூடாது என்பதையும் அவரிடமே கேளுங்கள், மருந்துக் கடையில் கேட்டு நீங்களே போடாதீர்கள். சீழ்தான் காரணமென்றால் அதற்குச் சொட்டு மருந்து வேறு, செவிப்பறை கிழிந்திருந்தால் சில சொட்டுகள் காதையே செவிடாக்கிவிடும். அதனால்தான் கருவி வைத்துப் பார்க்காமல் எதையும் விடக்கூடாது என்கிறேன்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 9 கிராம் உப்புக் கலந்து, வெதுவெதுப்பாகப் பஞ்சில் நனைத்து, கண்ணுக்குத் தெரிகிற வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்து, உலர்த்திவிடுங்கள். குச்சியில் பஞ்சு சுற்றி உள்ளே விடவே கூடாது. உதறி உதறிக் காது மடல் ரத்தம் கட்டி பலூன் மாதிரி வீங்கினால் ஊசியால் குத்தவும் வேண்டாம்.

தலை ஒரு பக்கம் சாய்ந்தாலோ, வட்டமாகச் சுற்றினாலோ, ஒரு பக்க உதடு தொங்கினாலோ, புண்ணில் புழு நெளிந்தாலோ அன்றைக்கே குட்டி யானையில் ஏற்றி வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்விடுங்கள் தம்பி.