ஆஸ்பத்திரி சாய்தளமும் நியூட்ரான் நட்சத்திரமும்

ஐயா, வணக்கம். அம்மாவுக்குச் சர்க்கரை. மாதம் ஒருமுறை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன். போன தடவை காத்திருந்தபோது மொபைலில் ஒரு செய்தி: நியூட்ரான் நட்சத்திரத்தின் உள்ளேயும் நம் உடம்புச் செல்லின் உள்ளேயும் ஒரே வடிவங்களாம். எரிச்சல்தான் வந்தது. இதை வைத்து ‘அண்டத்தில் உள்ளது பிண்டத்தில்’ என்று கிளம்பிவிடுவார்களே! இதனால் நோயாளிக்கு என்ன லாபம்?

ச., குடியாத்தம்

அன்புள்ள ச.,

எரிச்சலில் பாதி நியாயம். நட்சத்திர ஆராய்ச்சியால் அம்மாவின் சர்க்கரை ஒரு புள்ளிகூட இறங்காது. ஆனால் செய்தி புருடா இல்லை.

அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்து, மாடிக்கு மாடி போகும் சாய்தளத்தில் தள்ளியிருப்பீர்கள். செல்லுக்குள்ளும் அதே ஏற்பாடுதான். எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் என்று பள்ளியில் உருப்போட்டோமே, அந்தச் சவ்வு பல இடங்களில் தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும். புரதம் தயாராகும் பட்டறை அது. தட்டுகளைச் சுருள் சாய்தளங்கள் இணைக்கின்றன என்று 2013-இல் செல் ஆய்வாளர் மார்க் டெராசாக்கி குழுவினர் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பி செல்களில் கண்டார்கள்.

நியூட்ரான் நட்சத்திரம் என்பது பெரிய நட்சத்திரம் வெடித்தபின் மிஞ்சும் கரு. சூரியனைவிடக் கனமானது, ஆனால் வேலூருக்கும் ஆற்காட்டுக்கும் நடுவில் அடங்கிவிடும். அதன் மேலோட்டின் அடிப்பகுதியில் அணுக்கருக்கள் நெருக்குண்டு கிடக்கின்றன. அணுக்கரு விசை இழுக்கிறது, புரோட்டான்களின் மின்விசை தள்ளுகிறது. இரண்டில் ஒன்றும் ஜெயிப்பதில்லை. அதனால் பொருள் உருண்டையாக, பிறகு இழையாக, பிறகு தகடாகத் திரள்கிறது. இதற்கு ‘பாஸ்தா’ என்று பெயர். நம் ஆட்கள் வைத்திருந்தால் பணியாரம், இடியாப்பம், தோசை அடுக்கு என்றிருக்கும்.

அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழக இயற்பியலாளர் சார்லஸ் ஹாரோவிட்ஸ் கணினியில் இதைப் போட்டுப் பார்த்தபோது தோசைகளுக்கு நடுவிலும் சுருள் சாய்தளங்கள்! டெராசாக்கியின் செல் ஆய்வில் பங்கெடுத்த கிரெக் ஹூபர் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டார். 2016-இல் இரு தரப்பும் சேர்ந்தே கட்டுரை எழுதினார்கள். அடர்த்தியில் ஏறத்தாழ நூறு லட்சம் கோடி மடங்கு வித்தியாசம், விசைகளும் வேறு. இருந்தும் வடிவம் ஒன்று. சித்தர் வாக்குக்கு இதைச் சாட்சி கூப்பிட வேண்டியதில்லை. தட்டுகளை இணைக்க அதிகம் செலவாகாத வழி அது, ஆஸ்பத்திரி கட்டிய மேஸ்திரிக்கும் தோன்றிய வழி.

அம்மாவின் நோய்க்கு அந்தப் பட்டறையோடு சம்பந்தம் உண்டு. கணையத்தின் பீட்டா செல் இன்சுலினை மடித்து உருவாக்குவது அங்கேதான். உடம்பு ஓயாமல் இன்சுலின் கேட்டால், சரியாக மடியாத புரதம் தேங்கும். செல் உற்பத்தியைக் குறைத்துப் பார்க்கும். தாங்காவிட்டால் செத்துப்போகும். டைப் 2 சர்க்கரை முற்றுவதில் இதற்கும் பங்குண்டு. ஆனால் இதைத் துருவுகிறவர்கள் செல் உயிரியல்காரர்கள், அவர்களுக்கு நட்சத்திரம் தேவைப்படவில்லை.

லாபம் யாருக்கு என்றால், எனக்குத் தெரிந்து நட்சத்திரக்காரர்களுக்குத்தான். செல்லை மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் படம் பிடிக்கலாம். நட்சத்திரத்தின் மேலோட்டை யார் உடைத்துப் பார்ப்பது?

அப்புறம், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்ததும் அம்மா சாப்பிட இட்லி கட்டிக்கொண்டு போங்கள். அந்த வரிசை நீளம்.

அன்புடன்.