கேரவன் பயணம்: எந்தப் பருவத்தில் கிளம்பலாம்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கேரவன் வாங்கி மூன்று மாதங்கள் ஆகின்றன. முதல் நீண்ட பயணத்துக்கு வசந்தம், கோடை, இலையுதிர் காலம் ஆகியவற்றில் எது ஏற்றது?

பதில்: முதல் பயணம் என்பதால் தயங்காமல் இலையுதிர் காலத்தின் தொடக்கத்தையே சொல்வேன். வசந்தமும் இதமான பருவம்தான்; ஆனால் பனி உருகிய ஈரம் அப்போது தரையில் ஊறியிருக்கும் என்பதால், மூன்று நான்கு டன் எடையுள்ள வண்டி புல்தரையில் ஓர் இரவு நின்றாலே சக்கரங்கள் புதைந்துவிடும். இலையுதிர் காலத் தொடக்கத்தில், கோடை வெயிலில் காய்ந்து இறுகிய தரை கிடைப்பதால் அந்தத் தொல்லை குறைவு. பருவமழை பெய்யும் நிலப்பகுதியாக இருந்தால், மழை ஓய்ந்து தரை உலர்ந்த பின் வரும் வாரங்களை இதற்கு இணையாகக் கொள்ளலாம்.

தேதியை முடிவு செய்யும்போது பகல் வெப்பநிலையைவிட இரவின் குறைந்தபட்ச வெப்பநிலைக்கு முதலிடம் கொடுங்கள். பகலில் நீங்கள் பெரும்பாலும் வெளியில்தான் இருப்பீர்கள். மெல்லிய சுவர் கொண்ட அந்தப் பெட்டிக்குள் அடைந்து கிடப்பது இரவில்தான். இரவில் 8 முதல் 15 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால், ஹீட்டரும் ஏசியும் இல்லாமல் ஒரு கம்பளியோடு தூங்கிவிடலாம். மலையேறும் திட்டம் இருந்தால், ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்று கணக்கிடுங்கள். அடிவாரத்தில் 14 டிகிரி என்று பார்த்துவிட்டுக் கிளம்புபவர், 2,000 மீட்டர் உயரத்தில் உறைநிலையை ஒட்டிய இரவைச் சந்திக்க நேரும்.

கேள்வி: கூட்டம் இல்லை என்பதற்காகக் குளிர்காலத்தில் போகிறோம். காலையில் ஜன்னல், சுவர், மெத்தையின் அடிப்பகுதி எல்லாம் நனைந்து கிடக்கின்றன. கூரை ஒழுகுகிறதா?

பதில்: மழை பெய்யாத இரவிலும் இப்படி நனைகிறது என்றால் அது ஒழுகல் அல்ல, நீங்கள் மூச்சில் விட்ட ஈரமே குளிர்ந்த பரப்பில் பட்டு நீராகிறது. தூங்கும் ஒருவரின் மூச்சிலும் தோலிலுமிருந்து ஓர் இரவில் ஏறத்தாழ கால் லிட்டர் அல்லது அதற்கும் மேற்பட்ட நீர் காற்றில் கலக்கிறது. அடுப்பும் தன் பங்குக்கு ஈரம் சேர்க்கும்: ஒரு கிலோ புரொப்பேன் எரிவாயு எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ நீராவி உண்டாகும். குளிர் தாங்காமல் கதவு, துவாரம் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு உள்ளேயே சமைத்தால், அந்த நீருக்குச் சுவரைத் தவிர வேறு போக்கிடம் இல்லை.

ஆகவே, எதிர்மாறாகத் தோன்றினாலும், கூரைத் துவாரத்தையும் தாழ்வான ஒரு ஜன்னலையும் இரண்டு விரல் அளவுக்குத் திறந்து வைத்தே தூங்குங்கள். மெத்தைக்கு அடியில் காற்று புகும்படி சட்டங்கள் போடுங்கள். நேரடியாகப் பலகைமேல் விரித்த மெத்தையைத் தூக்கிப் பார்த்தால், சில நாட்களிலேயே மூலையில் கரும்புள்ளிகளாகப் பூஞ்சை படர்ந்திருக்கும். ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: சமையல் அடுப்பை ஹீட்டராகப் பயன்படுத்தாதீர்கள். அடைத்த இடத்தில் அது வெளிவிடும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதைக் கண்டறியும் அலாரம் இல்லாமல் குளிர்காலப் பயணம் வேண்டாம்.

கேள்வி: குழந்தைகளுக்குக் கோடையில் மட்டுமே விடுமுறை. பேட்டரியிலேயே ஏசியை இரவு முழுவதும் ஓட்ட முடியுமா?

பதில்: சாதாரணமாக முடியாது. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது ஏறத்தாழ 1.2 யூனிட் மின்சாரம். கூரை ஏசி முழு வேகத்தில் 1.3 முதல் 1.5 கிலோவாட் வரை இழுக்கும் என்பதால், ஒரு மணி நேரத்துக்குள் பேட்டரி காலியாகிவிடும். மின் இணைப்புள்ள முகாமிடத்தை முன்பதிவு செய்யுங்கள், அல்லது உயரமான இடத்துக்குப் போங்கள். இரண்டாவதே என் விருப்பம். மர நிழலும் உதவும், ஆனால் அங்கே சூரியத் தகடு வேலை செய்யாது. எரிவாயுவில் இயங்கும் ஃபிரிட்ஜ் வைத்திருந்தால், அதன் பின்புறக் காற்றுத் துவாரம் உள்ள பக்கத்தை மாலை வெயிலுக்குக் காட்டி நிறுத்தாதீர்கள். சூடு வெளியேற முடியாமல் உள்ளே குளிர்ச்சி குறைந்துவிடும்.

கேள்வி: மழைக்காலத்தில் ஆற்றங்கரையில் முகாமிடலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே, மேற்புறம் எங்கோ பெய்த மழை நள்ளிரவில் வெள்ளமாக வந்து சேரும்.

கேள்வி: கோடையில் நன்றாக வேலை செய்த சூரியத் தகடு, பனிக்காலம் நெருங்கும்போது பேட்டரியை நிரப்புவதில்லை. பழுதா?

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. சூரியன் தொடுவானத்திலிருந்து 30 டிகிரி உயரத்தில் நிற்கும்போது, கூரையில் படுக்கையாகக் கிடக்கும் தகட்டில் விழும் ஒளி, செங்குத்தாக விழும்போது கிடைப்பதில் பாதிதான். பகல் நேரமும் சுருங்கியிருப்பதால் இழப்பு இரட்டிப்பாகிறது. தகட்டைச் சாய்த்து வைக்கும் தாங்கி இருந்தால் ஓரளவு மீட்கலாம். உங்களுடையது லித்தியம் பேட்டரி என்றால் இன்னொரு காரணமும் உண்டு. அவ்வகை பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் சேதமடையும் என்பதால், அதிலுள்ள பாதுகாப்புச் சுற்று காலைக் குளிரில் சார்ஜைத் தானாகவே தடுத்துவிடும்.

கேள்வி: உறைபனி தொடங்கிய பிறகும் ஒன்றிரண்டு வாரம் பயணத்தை நீட்டிக்க ஆசை. எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: எரிவாயு, டயர், தண்ணீர் ஆகிய மூன்றையும் பாருங்கள். பியூட்டேன் 0 டிகிரியை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை தாங்கும். எனவே சிலிண்டரில் இருப்பது எது என்று விசாரித்து வாங்குங்கள். 65 பிஎஸ்ஐ அழுத்தம் உள்ள டயரில், வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் இரண்டரை முதல் மூன்று பிஎஸ்ஐ வரை இறங்கும். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்பே அளந்து பாருங்கள்.

தண்ணீர்தான் பெரிய செலவு வைக்கும். உறையும்போது அது ஏறத்தாழ 9 சதவீதம் விரிகிறது. நான் ஒருமுறை தொட்டியையும் குழாய்களையும் ஒழுங்காகக் காலி செய்துவிட்டு, பம்புக்கு முன்னால் இருக்கும் உள்ளங்கை அளவு வடிகட்டிக் கிண்ணத்தை மறந்துவிட்டேன். வசந்தத்தில் பம்பைப் போட்டபோது, தலைமுடி அளவு விரிசலிலிருந்து படுக்கைக்கு அடியில் நீர் பீய்ச்சியடித்தது. ஆகவே குழாய்களை வடித்த பின், வடிகட்டியைத் திருகிக் கழற்றிக் கவிழ்த்து வையுங்கள். எல்லாக் குழாய்த் திருகுகளையும், ஷவர் உட்பட, பாதி திறந்த நிலையில் விடுங்கள். வெந்நீர், தண்ணீர் இரண்டுக்கும் ஒரே கைப்பிடி இருந்தால் அதை நடுவில் நிறுத்துங்கள்.