கிணற்றில் இறங்குகிறவர்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

நான் மதுரை மாவட்டத்தில் ஒரு தீயணைப்பு நிலையத்தில் முன்னணி தீயணைப்போராக இருக்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். இருபது வருடத்துக்கு மேல் சர்வீஸ். எங்கள் ஸ்டேஷன் பையன் ஒருவனைப் பற்றி உங்களிடம் கேட்க வேண்டும்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஸ்டேஷனுக்கு ஒரு போன் கால் வந்தது. ரோட்டோரம் சுற்றுச்சுவர் இல்லாத கிணறு, கார் உள்ளே போய்விட்டது. எங்களில் நன்றாக நீந்துகிறவன் அவன்தான், அதனால் எப்போதும் போல அவனையே இறக்கினோம். இரண்டு பிள்ளைகளை மேலே கொண்டுவந்தான். இரண்டுமே உயிரோடு இல்லை. சின்னதுக்கு அவன் மகள் வயதுதான் இருக்கும். அன்றைக்கு அவன் ஒன்றும் பேசவில்லை. கயிற்றைச் சுருட்டி வண்டியில் வைத்தான், வந்துவிட்டோம்.

அதற்கப்புறம் அவன் சரியில்லை. மகளைக் குளிப்பாட்ட மாட்டேன் என்கிறானாம். தூங்குவதில்லை. மணி அடித்தால் முகம் வெளுத்துவிடுகிறது, ஆனால் முதல் ஆளாக வண்டியில் ஏறுவதும் அவன்தான். முன்பு எப்போதாவது குடிப்பான், இப்போது தினமும். அவன் அம்மா பாண்டி கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டிவிட்டிருக்கிறார்கள். ‘பயந்த கோளாறு’ என்கிறார்கள். ‘இந்த வேலைக்கு வந்துட்டு இதையெல்லாம் பார்த்தா முடியுமா’ என்று ஸ்டேஷனிலேயே சிலர் பேசுகிறார்கள்.

இப்படி ஒரு சம்பவம் நடந்தால் அன்றைக்கே எல்லாரையும் உட்காரவைத்து நடந்ததை முழுக்கச் சொல்லவைக்க வேண்டும் என்று ஒரு பயிற்சியில் கேட்டிருக்கிறேன். அதைச் செய்யாததால்தான் இப்படி ஆகிவிட்டதா? அவனை எழுத்து வேலைக்கு மாற்றச் சொல்லலாமா? எனக்கெல்லாம் இது பழகிவிட்டது சார். ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வரும், அப்புறம் தூக்கம் வராது, அவ்வளவுதான். அவன் சின்னப் பையன். நீங்கள் பதில் எழுதினால் எங்கள் ஸ்டேஷன் வாட்ஸ்அப் குழுவில் போடலாமா?

இப்படிக்கு,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அன்றிரவு நீங்கள் யாரையும் பேசவைக்காதது இதற்குக் காரணமில்லை. இந்தக் கேள்விதான் உங்களை அதிகம் அரிக்கிறது என்று தெரிவதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவன் இல்லை. இந்த விஷயத்தை அக்கறையோடு படித்துவருகிறவன், அவ்வளவுதான். ஆனால் இதில் ஆராய்ச்சி ஓரளவு தெளிவாகவே பேசுகிறது.

உங்கள் பயிற்சியில் சொன்ன முறைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவில் தீயணைப்பு, ஆம்புலன்ஸ் பணியில் இருந்த ஜெஃப்ரி மிட்செல் என்பவர் 1983ல் அதை எழுதினார். சம்பவம் நடந்த இரண்டு மூன்று நாளுக்குள் குழுவை உட்காரவைத்து, என்ன பார்த்தீர்கள், என்ன நினைத்தீர்கள், எது மிக மோசமாக இருந்தது என்று வரிசையாகக் கேட்பது. நல்ல மனதோடு செய்யப்பட்ட காரியம், உலகமெங்கும் பரவியது. அப்புறம்தான் சோதித்துப் பார்த்தார்கள். வேல்ஸின் கார்டிஃப் நகரில் தீக்காயம் பட்டவர்களிடம் நடத்திய ஆய்வு 1997ல் வெளிவந்தது. நடந்ததை விவரமாகச் சொல்லவைக்கப்பட்டவர்களில் 26 சதவீதம் பேருக்கு 13 மாதம் கழித்தும் மருத்துவர்கள் பிடிஎஸ்டி என்று சொல்லும் மன அதிர்ச்சிக் கோளாறு இருந்தது. சும்மா விடப்பட்டவர்களில் 9 சதவீதம். பேசவைக்கப்பட்டவர்களுக்கு ஆரம்பத்திலேயே காயம் சற்றுக் கூடுதல் என்பதையும், அவர்கள் நோயாளிகள், மீட்புப் பணியாளர்கள் அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் இதைப் போன்ற பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பு, யாரையும் கட்டாயப்படுத்தி இப்படிப் பேசவைப்பது நிற்க வேண்டும் என்று 2002ல் எழுதியது. பேச மனமில்லாதவனிடம் அன்றைக்கே அந்தக் காட்சியைத் திரும்ப எடுக்கச் சொன்னால் அது இன்னும் ஆழமாகப் பதியக்கூடும்.

அதனால் ஒன்றுமே செய்ய வேண்டாம் என்று ஆகிவிடாது. திரும்பி வந்தவுடன் குளிக்கத் தண்ணீர், மாற்றுத் துணி, சூடாக டீ, சாப்பாடு. அன்றைக்குக் கறி வேண்டாம், பலரால் அதைப் பார்க்க முடியாது. வீட்டுக்கு ஒரு போன். ராத்திரி பக்கத்தில் ஓர் ஆள். பேச வந்தால் குறுக்கே பேசாமல் கேட்பது, வராவிட்டால் விட்டுவிடுவது. மூத்தவர் நீங்கள் ‘எனக்கும் கை நடுங்குச்சுப்பா’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், நமக்கு மட்டும்தான் இப்படியோ என்று இளையவன் குமைய வேண்டியிருக்காது. உலக சுகாதார நிறுவனம் 2011ல் களப்பணியாளர்களுக்கு வெளியிட்ட மனநல முதலுதவிக் கையேடும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது: நிலைமையைப் பார், காது கொடு, உதவி கிடைக்கும் இடத்தோடு சேர்த்துவிடு.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியில் என்னால் நிற்காமல் இருக்க முடியவில்லை. நன்றாக நீந்துகிறவன், அதனால் எப்போதும் போல அவனையே இறக்கினோம் என்கிறீர்கள். நம் பக்கம் கிணறும் கண்மாயும் கல்குவாரிப் பள்ளமும் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். அத்தனைக்கும் ஒரே ஆள் இறங்கினால் அத்தனை முகமும் அந்த ஒரே ஆளிடம்தான் சேரும். இந்தக் காயம் பெரும்பாலும் ஒரு சம்பவத்தால் மட்டும் வருவதில்லை. முன்னால் இறங்கிய கிணறுகள் எல்லாம் கணக்கில் இருக்கும், கடைசியாக ஒன்று அதை உடைக்கும். இன்னும் இரண்டு பேரைக் கிணற்று மீட்புக்குப் பழக்குங்கள். யார் எப்போது இறங்கினார்கள் என்று ஒரு நோட்டு வையுங்கள். போன தடவை குழந்தையைத் தூக்கியவன் இந்தத் தடவை மேலே நின்று கயிறு பிடிக்கட்டும். இதற்கு அரசாணை எதுவும் வேண்டியதில்லை. உங்கள் ஸ்டேஷனில் நீங்களே செய்யலாம்.

இன்னொன்று. இறந்தவரைத் தன் வீட்டு ஆளாக நினைத்துவிடும் அந்த நொடிதான் உடல்களைக் கையாளுகிறவர்களை மிகவும் தாக்குகிறது. முகம், விரல்கள், பள்ளிக்கூடப் பை, சின்னச் செருப்பு, இவை வழியாகத்தான் அது நடக்கிறது. உடல் மேலே வந்தவுடன் துணி போட்டு மூடிவிடுங்கள். தூக்கியவனையே அங்கே நிற்கவைத்துச் சாமான்களை எடுத்துக் கொடுக்கச் சொல்லாதீர்கள், வேறொருவர் செய்யட்டும். ரிப்போர்ட்டுக்கு எடுத்த போட்டோக்கள் ஸ்டேஷன் குழுவில் கிடக்கின்றனவா என்று தயவுசெய்து பாருங்கள். கிடந்தால் எல்லார் போனிலிருந்தும் அழிக்கச் சொல்லுங்கள். அவன் நடுராத்திரி முழித்து அதைப் பார்த்துக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு.

இப்போது அவனைப் பற்றி. முதல் நான்கு வாரம் தூக்கம் கெடுவது, காட்சி திரும்பத் திரும்ப வருவது, சத்தத்துக்குத் திடுக்கிடுவது எல்லாம் பலருக்கும் வந்து தானாகவே அடங்கிவிடும். அவனுக்கு இரண்டு மாதம் ஆகியும் அடங்கவில்லை, மகளைத் தண்ணீரோடு பார்க்க முடியவில்லை, குடி கூடியிருக்கிறது. இனி காத்திருக்க வேண்டாம், மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

‘இந்த வேலைக்கு வந்துட்டு’ என்று பேசுகிறவர்களுக்கு ஒரு தகவல். உலகின் பல நாடுகளில் மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேட்டின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பில், இந்தக் கோளாறு யாருக்கெல்லாம் வரலாம் என்ற இடத்திலேயே, வேலை காரணமாகத் திரும்பத் திரும்ப இத்தகைய கொடுமைகளைக் காண நேர்கிறவர்கள் என்று எழுதி, மனித உடல்களைச் சேகரிக்கும் மீட்புப் பணியாளர்களை உதாரணமாகவே கொடுத்திருக்கிறார்கள். அதாவது அவனுக்கு வந்திருப்பது வேலையில் பட்ட அடி. ஏணியிலிருந்து விழுந்து கால் உடைந்தவனை யாரும் ‘மனசு தைரியம் பத்தாது’ என்று சொல்ல மாட்டார்கள். வேலையில் பட்டதை வேலை கொடுத்த இடம்தான் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அவன் அம்மா கயிறு கட்டியதைக் குறை சொல்லாதீர்கள். பாண்டி கோயிலுக்கு மகனை அழைத்துப்போன அந்தத் தாய்தான், இவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று முதலில் கண்டுபிடித்து ஏதாவது செய்தவர். கயிறு கையில் இருக்கட்டும், மருத்துவமும் நடக்கட்டும்.

குடியைப் பற்றித் திட்டுவதால் பயன் இல்லை. அவன் தூங்குவதற்காகத்தான் குடிக்கிறான். ஆனால் மது தூக்கத்தைக் கொடுப்பது போலக் கொடுத்துப் பின்பாதி இரவைக் கெடுத்துவிடும். கனவு காணும் தூக்கம் துண்டு துண்டாகிறது, மனம் அந்த நினைவைச் செரித்துக்கொள்ள வேண்டிய நேரம் போய்விடுகிறது. இதை அவனிடம் காரணத்தோடு சொல்லுங்கள். அதே போல மெடிக்கல் கடையில் யாரிடமாவது சொல்லி தூக்க மாத்திரை வாங்கும் பழக்கம் இருந்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். அல்பிரசோலம் போன்ற மாத்திரைகளை இத்தகைய அதிர்ச்சிக்குக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013லேயே சொல்லியிருக்கிறது. ஏற்கெனவே தினம் போட்டுவந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார்.

இதற்குப் பலன் தருவதாக நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இருக்கிறது. அதிர்ச்சியை மையமாக வைத்த பேச்சு சிகிச்சை, கண் அசைவைக் கொண்டு நினைவின் வீரியத்தைக் குறைக்கும் இஎம்டிஆர் என்ற முறை, தேவைப்பட்டால் மன அழுத்தத்துக்கான மாத்திரை. பேச்சு சிகிச்சை வழக்கமாக எட்டு முதல் பன்னிரண்டு அமர்வு. இங்கேயும் நடந்ததைப் பேசத்தான் வைப்பார்கள். ஆனால் அவன் சம்மதத்தோடு, பயிற்சி பெற்ற ஒருவர் முன்னால், கொஞ்சம் கொஞ்சமாக. அன்றிரவு ஸ்டேஷனில் கூட்டமாகப் பேசவைப்பதற்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம்.

எங்கே போவது? கோரிப்பாளையத்தில் நம் பெரியாஸ்பத்திரி, அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலத் துறை இருக்கிறது, பணம் வேண்டாம். நேரில் போகக் கூச்சப்பட்டால் முதலில் 14416க்குப் பேசட்டும். அது மத்திய அரசின் டெலிமானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவை. 2022 முதல் இயங்குகிறது. இலவசம், இரவு பகல் எந்த நேரமும் தமிழில் பேசலாம். ‘பதிவேட்டில் ஏறிவிடும், பதவி உயர்வு போய்விடும்’ என்பதுதான் சீருடைப் பணியில் இருப்பவர்களைத் தடுக்கும் பயம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, சிகிச்சை பெறுகிறவரின் விவரங்களை ரகசியமாக வைக்கும் உரிமையைக் கொடுக்கிறது. இதை அவனுக்குச் சொல்லுங்கள்.

ஒரு கேள்வியை நீங்கள் அவனிடம் கேட்டே ஆக வேண்டும். தனியாக இருக்கும்போது, நேராக: ‘தம்பி, செத்துப்போயிரலாம்னு தோணுதா?’ கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம், அப்படி ஆவதில்லை. கேட்டதும் பலருக்குப் பாரம் இறங்கும். ஆமாம் என்றால் அன்றைக்கு அவனைத் தனியாக விடாதீர்கள், அப்படியே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

எழுத்து வேலைக்கு மாற்றுவது பற்றி: அவனைக் கேட்காமல் செய்யாதீர்கள். கேட்காமல் மாற்றினால் தண்டனையாகத்தான் அவனுக்குத் தெரியும். முதல் ஆளாக வண்டியில் ஏறுகிறான் என்கிறீர்களே, தான் இன்னும் உதவாதவன் ஆகவில்லை என்று அவன் தனக்கே நிரூபித்துக்கொண்டிருக்கிறான் என்று எனக்குத் தோன்றுகிறது. சிகிச்சை நடக்கும்வரை கிணற்றுக்கு மட்டும் வேண்டாம், மற்ற அழைப்புகளுக்கு வா என்று பேசி முடிவு செய்யலாம். மருத்துவரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி உங்களிடம். பழகிவிட்டது என்று எழுதிய அடுத்த வரியில் மூன்று மணிக்கு முழிப்பு வருகிறது என்கிறீர்கள். எத்தனை வருடமாக? அந்த நேரத்தில் எந்தச் சம்பவம் நினைவுக்கு வருகிறது? எனக்குப் பதில் எழுத வேண்டாம், ஆனால் அவனைக் கூட்டிக்கொண்டு போகும் அன்று நீங்களும் ஒரு சீட்டு போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் உடம்புக்காகவே கேட்கிறேன். அண்ணன் போகிறார் என்றால் தம்பியும் வருவான் என்பது அதற்கு அப்புறம்தான்.

இந்த ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020 தீபாவளி அன்று விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைத் தீயில் பழைய கட்டடம் இடிந்து தீயணைப்பு வீரர்கள் இரண்டு பேர் இறந்தார்கள். 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலையில் மதுரை ரயில் நிலையத்தருகே நின்ற சுற்றுலாப் பெட்டி எரிந்து ஒன்பது பேர் போனார்கள். இறந்தவர்களைப் பற்றி நாம் பேசினோம், பேச வேண்டியதுதான். அந்த இடிபாட்டில் சக ஊழியரைத் தேடிய கைகளைப் பற்றி, கரிந்த பெட்டிக்குள் ஏறியவர்களைப் பற்றி, மறுவாரம் அவர்கள் எப்படித் தூங்கினார்கள் என்று பொதுவில் நாம் கேட்கவில்லை. தமிழகக் காவல்துறைக்காவது பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனத்தின் உதவியோடு ‘நிறைவாழ்வு’ என்ற பயிற்சி வந்தது. 2021ல் வார விடுப்பும் அறிவிக்கப்பட்டது. அந்த அளவுக்காவது தீயணைப்புத் துறைக்கு வேண்டும். 108 வண்டியில் ஓடுகிறவர்களுக்கு வேண்டும், பிணவறை ஊழியர்களுக்கு, தத்தனேரி மயானத்தில் வேலை செய்கிறவர்களுக்கு, சாக்கடைக்குள் இறங்க நேர்கிற துப்புரவுத் தொழிலாளர்களுக்கு வேண்டும். ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு முதலில் வேண்டும், ஒரு நாள் வராவிட்டால் அவர்களுக்குச் சம்பளமே இல்லை. உங்கள் சங்கம் அடுத்த முறை கோரிக்கை மனு கொடுக்கும்போது சீருடைப்படி, பதவி உயர்வு இவற்றோடு இதையும் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள்: பெரிய சம்பவத்துக்கு அப்புறம் ஒரு மாதம் கழித்து, சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் மனநலப் பரிசோதனை, வேலை நேரத்திலேயே. எல்லாருக்கும் என்று இருந்தால் யாரும் தனியாகக் கைகாட்டப்பட மாட்டார்கள்.

வாட்ஸ்அப் குழுவில் தாராளமாகப் போடுங்கள். ஆனால் உங்கள் கடிதத்தை வெட்டிவிட்டு என் பதிலில் பொதுவான பகுதியை மட்டும் போடுங்கள். கிணறு, கார், மகள் என்று வருகிற எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், படித்ததும் யாரைப் பற்றி என்று தெரிந்துவிடும். அவனிடம் முழுவதையும் நீங்களே நேரில் காட்டுங்கள், அவன் படித்து முடித்த பிறகு மற்றவர்களுக்குப் போகட்டும். 14416 என்ற எண்ணை மட்டும் இன்றைக்கே எழுதி, கண்ட்ரோல் ரூம் போனுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

அன்புடன்