வீட்டைத் தொடைக்காதீங்க

அக்கா,

சிங்கப்பூர் ஈசூன்ல மூணு ரூம் வீவக வீடு (அரசாங்க அடுக்குமாடி) எங்களுக்கு. பையன் பிரைமரி 4. போன மாசம் இவர் கோவத்துல ரோத்தான் பிரம்பால அடிச்சதுல தொடை தடிச்சுப் போச்சு, உடற்பயிற்சி டீச்சர் பாத்துட்டாங்க. இப்ப சோஷல் வொர்க்கர் வீட்டுக்கே வர்றாங்க. அவங்க வர்ற அன்னிக்கு இவர் ஓவர்டைம் போட்டுக்குறார், மாமியார் ரூம் கதவைச் சாத்திக்கிறாங்க. நான் வீட்டைத் தொடைச்சு வச்சு, டீ குடுத்து, எல்லாம் நல்லாதான் இருக்குன்னு சொல்லி அனுப்பிடுறேன். பிள்ளைய தூக்கிட்டுப் போயிடுவாங்களோன்னு ராத்திரி தூக்கமே இல்ல.

பேர் வேண்டாம்

தங்கச்சி,

டீ குடுங்க, தப்பில்ல. வீட்டைத் தொடைக்கிறத மட்டும் நிறுத்துங்க.

எங்க வீட்டுக்கும் வந்திருக்காங்க, பத்துப் பன்னெண்டு வருஷம் இருக்கும். மொத ரெண்டு தடவை முறுக்கு, சிரிப்பு, நல்ல சுடிதார்னு நானும் உங்க மாதிரிதான். மூணாவது தடவை சாயங்காலம் ஆறரைக்கு வந்தாங்க, சோறு பொங்கி அடுப்பெல்லாம் வழியுது, மக ஸ்பெல்லிங் எழுத மாட்டேன்னு மேசைக்கு அடியில படுத்துக்கிட்டா, என் கையில கரண்டி, ஓங்கிட்டேன். அந்தம்மா ஒண்ணும் சொல்லல, போய் அடுப்பை அணைச்சாங்க. அப்புறம் தரையில உக்காந்து, தினம் எத்தனை மணிக்கு இப்படி ஆகுதுன்னு கேட்டாங்க. யோசிச்சா எல்லா அடியும் ஆறுலேருந்து ஏழரைக்குள்ள, ரெண்டு பேரும் பசியில இருக்கிற நேரம்! வந்ததும் மொதல்ல சாப்பாடு, ஸ்பெல்லிங் அப்புறம்னு மாத்தினோம், அவ்வளவுதான். ஆபீஸ் ரூம்ல உக்காந்து பேசியிருந்தா இது அவங்களுக்கும் தெரிஞ்சிருக்காது, எனக்கும் தெரிஞ்சிருக்காது.

உங்க பயம் தலைகீழா இருக்கு. வீட்டுக்கே வந்து உதவுற இந்த முறைக்கு முன்னோடி 1974ல அமெரிக்காவுல டகோமாங்கிற ஊர்ல ஆரம்பிச்ச ஹோம்பில்டர்ஸ், ஒரு வொர்க்கருக்கு ஒரு நேரத்துல ரெண்டு குடும்பம்தான், நாலஞ்சு வாரம் கூடவே நிப்பாங்க, பிள்ளைய வீட்டை விட்டு எடுக்காம இருக்க வழி உண்டான்னு பாக்கத்தான். இங்க சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு (எம்எஸ்எஃப்) 2016ல சேஃப் அண்ட் ஸ்ட்ராங் ஃபேமிலிஸ்னு சோதனைத் திட்டமா கொண்டுவந்ததும் அதே நெனப்புதான்.

அதுக்காக அவங்க உங்க சிநேகிதி இல்ல, அதையும் சொல்லிடுறேன். பிள்ளைக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா மேல சொல்லியாகணும், பிள்ளைய பாதுகாப்பான எடத்துக்கு மாத்த சட்டத்துல எடமும் இருக்கு. ஆனா நீங்க ஒளிக்க ஒளிக்கத்தான் அது கிட்ட வருது. அடிச்சவர் ஒரு தடவைகூட வீட்ல இல்லங்கிறத அவங்க கவனிக்காமலா இருப்பாங்க?

அவர் ஆஃப் நாளா பாத்து வரச் சொல்லுங்க. மாமியார் 'நாங்கல்லாம் அடி வாங்கி வளரலையா'ம்பாங்க, அத அந்த சோஷல் வொர்க்கர் முன்னாடியே சொல்லட்டும், அவங்களுக்கு அது புதுசில்ல. ரோத்தான் இன்னும் அலமாரி மேல இருந்தா இன்னிக்கே உடைச்சு ரப்பிஷ் சூட்ல போடுங்க. அவர் உங்களையும் அடிக்கிறாரான்னு நீங்க எழுதல, நான் கேக்குறேன். ஆமாம்னா வன்முறைக்கு எதிரான ஹெல்ப்லைன் 1800 777 0000, 24 மணி நேரமும் எடுப்பாங்க, கை மீறிப் போனா போலீஸுக்கு 999.

அடுத்த தடவை சிங்க்ல பாத்திரம் அப்படியே கெடக்கட்டும். இவர் ஓவர்டைம் போட்டாரா இல்லையான்னு எழுதுங்க.