ட்ரோன் டவுட்: ஷெல்லுல கோடு விழுந்தா ஒட்டலாமா, மாத்தணுமா?

கேள்வி: அண்ணா, கோவளம் பீச்ல ஒரு கல்யாண ஷூட், லேண்டிங்ல ட்ரோன் கொஞ்சம் தடால்னு இறங்கிடுச்சு. ஒரு மோட்டாருக்குக் கீழ, ஸ்க்ரூ பக்கத்துல ஷெல்லுல, அதாவது வெளி பிளாஸ்டிக் கூட்டுல, முடி மாதிரி ஒரு கோடு தெரியுது. ஆனா நல்லாத்தான் பறக்குது. ஃபெவிக்விக் ஊத்திட்டு அடுத்த ஷூட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமா?
- வேளச்சேரி வாசகர்

பதில்: போகாதீங்க தம்பி. கோடு எவ்ளோ நீளம்ங்கறத விட எங்க இருக்குங்கறதுதான் முக்கியம். மேல்மூடியில விரல் நீளத்துக்கு இருந்தாக்கூட பெருசா பயமில்ல, மோட்டார் உக்காந்திருக்கிற இடத்துல அரை சென்டிமீட்டர் இருந்தாலே டேஞ்சர், ஏன்னா அந்த மோட்டாரோட மொத்த இழுப்பும் அதிர்வும் அந்த ஸ்க்ரூ ஓட்டை வழியாத்தான் பாடிக்குப் போகுது. நாலு மோட்டார்ல ஒண்ணு பிச்சுக்கிட்டா மத்த மூணும் தாங்காது, அப்படியே கவுந்து கீழ நிக்கிறவங்க தலையில விழும்.

முதல்ல பேட்டரியையும் இறக்கையையும் கழட்டிடுங்க. ரூம் லைட்ட அணைச்சிட்டு ஃபோன் டார்ச்ச ஷெல்லுக்குப் பின்னாடி புடிங்க, வெள்ளை ஷெல்லா இருந்தா கோடு பளிச்சுனு தெரியும். கருப்பா இருந்தா பஞ்ச லேசா தேய்ச்சுப் பாருங்க, விரிசல்ல நூல் மாட்டும். மோட்டாரத் தாங்கற ட்ரோனோட கைய மெதுவா வளைச்சா கோடு வாய் திறக்குதான்னும் பாத்துக்கோங்க.

அப்படியே மத்த மூணு மோட்டாரும் பாருங்க. அங்கயும் அதே ஸ்க்ரூ கிட்ட கோடு இருந்தா லேண்டிங் மேல பழி போடாதீங்க. யாரோ ஸ்க்ரூவ ஓவரா முறுக்கியிருக்காங்க, இல்லன்னா ஸ்க்ரூ கழலாம இருக்க ஊத்தற த்ரெட் லாக்கர் வழிஞ்சு பிளாஸ்டிக்ல இறங்கியிருக்கு. அந்த நீல லிக்விட் இரும்புக்கு நல்லது, ஏற்கெனவே இறுக்கத்துல இருக்கிற பிளாஸ்டிக்க வெடிக்க வச்சிடும்.

மோட்டாருக்குக் கீழ விழுந்த கோடுன்னா என் கட்சி ஒண்ணுதான், ஷெல்லயோ கையயோ மாத்திடுங்க. ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைங்கள்ல ஒரு சுத்து சுத்தி விசாரிங்க, உங்க மாடல் நம்பரோட போங்க. ஃபெவிக்விக் காய்ஞ்சா கண்ணாடி மாதிரி ஆயிடும், அதிர்வுல விட்டுடும், அதோட ஆவி கேமரா லென்ஸ்ல வெள்ளையா படிஞ்சா அது தனி அழுகை.

கேள்வி: என் ட்ரோன்ல மேல்மூடி மட்டும்தான் விரிசல். அசிட்டோன் தடவினா தானா ஒட்டிக்கும்னு ஃப்ரெண்டு சொல்றான், நிஜமா?
- பெரம்பூர் வாசகர்

பதில்: ஏ.பி.எஸ் பிளாஸ்டிக்னா நிஜம், கரைஞ்சு ஒண்ணோட ஒண்ணு சேந்துக்கும். பாலிகார்பனேட்ங்கற வேற பிளாஸ்டிக்னா அதே அசிட்டோன் புதுசா நூறு விரிசல் போட்டுடும். ஷெல்லோட உள்பக்கம் எந்த பிளாஸ்டிக்னு சின்னதா எழுத்து (ABS, PC மாதிரி) அச்சாகியிருக்கான்னு பாருங்க, தெரியலன்னா அசிட்டோன் பக்கமே போகாதீங்க, ரெண்டு ட்யூப் கலக்கற எபாக்ஸி பசை போதும். கோடு முடியற நுனியில ஒரு மில்லிமீட்டர் ஓட்டை கையால போடுங்க, அதுக்கு மேல விரிசல் ஓடறத அது தடுக்கும். உள்பக்கம் லேசா உப்புத்தாள் தேய்ச்சு, கண்ணாடி இழைத் துணி வச்சு எபாக்ஸி பூசுங்க. காசிமேட்டுல ஃபைபர் படகுக்கு ஒட்டு போடறதும் கிட்டத்தட்ட இதான், ஆனா அவங்க ரெசின வாங்கி வந்துடாதீங்க, அதுல இருக்கிற ஸ்டைரீன்ங்கற கெமிக்கல் பிளாஸ்டிக்க அரிச்சிடும். கார்பன் ஃபைபர் வேணாம், கீழ இருக்கிற ஜி.பி.எஸ்ஸுக்கு சிக்னல் மறைக்கும். ஒரு ராத்திரி விட்டுட்டு, நுனியில பென்சில் கோடு போட்டு, ஆள் இல்லாத மைதானத்துல இடுப்பு உயரத்துல கொஞ்ச நேரம் நிறுத்தி இறக்குங்க. விரிசல் பென்சிலத் தாண்டியிருந்தா அந்த மூடி வேலைக்கு ஆகாது.

கேள்வி: பேட்டரி பக்கம் ஷெல் விரிஞ்சு நிக்குது, ரப்பர் பேண்ட் போட்டு ஓட்டறேன், ஓகேவா சார்?
- தாம்பரம் வாசகர்

பதில்: ரப்பர் பேண்ட கழட்டுங்க சார், பேட்டரிய வெளிய எடுத்து சமமான மேஜை மேல வைங்க. தொட்டில் மாதிரி ஆடுச்சுன்னா ஊதிப்போச்சு, அதுதான் ஷெல்லத் தள்ளுது. மே மாச வெயில்ல பூட்டின கார்ல விட்டு வச்சாலே இப்படி ஆகலாம். குத்தாதீங்க, அமுக்காதீங்க, சார்ஜும் போடாதீங்க. குப்பைத்தொட்டி வேணாம், இ-வேஸ்ட் எடுக்கறவங்ககிட்ட குடுங்க. புது பேட்டரி போட்ட பிறகும் இடைவெளி இருந்தாத்தான் ஷெல்ல பத்தி யோசிக்கணும்.