065 பெரிசா, 067 பெரிசா?

கேள்வி: சேர், எங்கட மட்டக்களப்பு போன் கோட் 065. கல்முனைக் கூட்டாளி ஒருவன், "எங்கட 67 முதன்மை எண் மச்சான், உங்கட 65 ஐஞ்சாலயும் உடையும், பதின்மூன்றாலயும் உடையும், அதெல்லாம் ஒரு நம்பரா?" என்று நக்கலடிக்கிறான். 65க்கு ஒரு விசேஷமும் இல்லையா?
(கல்லடி வாசகர்)

பதில்: உடைவதுதான் அதன் விசேஷமே. 65 புளியங்கொட்டை எண்ணி எடுத்துத் தரையில் கொட்டுங்கள். எட்டுக்கு எட்டாக அடுக்கினால் ஒன்று மிஞ்சும், அந்த ஒற்றைக் கொட்டையையும் ஒரு சதுரம் என்றே வைத்துக்கொள்வோம். சரி, கலைத்துவிட்டு ஏழுக்கு ஏழு ஒன்றும் நாலுக்கு நாலு ஒன்றும் அடுக்குங்கள், 49ம் 16ம், மிச்சமே இராது. இப்படி வேறு வேறு அளவான இரண்டு சதுரங்களாக, அதுவும் இரண்டு விதமாக அடுக்கக்கூடிய மிகச் சிறிய எண் 65தான். (50ஐத் தூக்கிக்கொண்டு யாராவது வருவீர்கள், தெரியும். அதில் ஒரு விதம் ஐந்துக்கு ஐந்து இரண்டு தரம், ஒரே அளவு, செல்லாது.)

5, 13 இரண்டையும் நாலால் வகுத்தால் மீதி 1. அப்படியான முதன்மை எண் ஒவ்வொன்றும் இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக ஒரேயொரு விதத்தில் வரும். வேறு வேறான இரண்டைப் பெருக்கினால் விதமும் இரண்டாகிவிடும். 67ஐ நாலால் வகுத்தால் மீதி 3. எந்த வர்க்கத்தை நாலால் வகுத்தாலும் மீதி 0 அல்லது 1தான், இரண்டைக் கூட்டினால் 3 எங்கிருந்து வரும்? கூட்டாளி விடிய விடிய அடுக்கினாலும் 67 கொட்டை இரண்டு சதுரமாகாது.

அத்திவாரத்துக்கு நூல் கட்டும் மேசனுக்கு 3, 4, 5 அடிக் கணக்கு தெரியும். 65ஐச் செம்பக்கமாக (செங்கோணத்துக்கு எதிரே வரும் நீளப் பக்கம்) வைத்தால் அப்படி முழு எண்ணில் நாலு செங்கோண முக்கோணிகள் கிடைக்கும்: 16-63, 25-60, 33-56, 39-52. நாலு கிடைக்கும் முதல் எண்ணும் இதுதான். அதில் 33-56ஐப் பாருங்கள், 56 என்பது 65ஐத் திருப்பிப் போட்டது! இரண்டையும் கூட்டினால் 121, கழித்தால் 9, இரண்டுமே நிறைவர்க்கம். எனக்கு மிகவும் பிடித்தது இந்தச் சின்ன விஷயம்தான்.

கேள்வி: அப்ப 067 ஆட்களுக்கு ஒன்றுமே இல்லையா?
(சம்மாந்துறை வாசகர்)

பதில்: இருக்கிறது, கோபிக்காதீர்கள். 2ஐ 67 தரம் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது முதன்மை எண் என்று 1644இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி எழுதிவைத்தார். 1876இல் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் அது பிழை என்று காட்டினார், ஆனால் எந்த எண்களாக உடைகிறது என்று அவருக்கும் தெரியாது. 1903இல் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் கோல் என்பவர் எழும்பிப் போய், வாயே திறக்காமல் பலகையில் அந்த 21 இலக்க எண்ணை எழுதி, பக்கத்தில் 193707721ஐ 761838257287ஆல் பெருக்கிக் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார் என்று சொல்வார்கள். விடை இரண்டும் ஒன்று. 67 உடையாவிட்டாலும் அதற்குப் பேர் வாங்கித் தந்தது ஓர் உடைவுதான். சரிபார்க்க ஆசை என்றால் போன் கல்குலேட்டரை நம்பாதீர்கள், கடைசி இலக்கங்களை விழுங்கினாலும் விழுங்கிவிடும். கொப்பியில் பெருக்குங்கள்.